மத்தளம்பாறையும் சாட்பாட் தொழில்நுட்பமும்

சாட்பாட் என்பது வாடிக்கையாளரின் கேள்விகளுக்குத் தானாக விடையளிக்கும் உரையாடல் மென்பொருள் ஆகும். 1966இல் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா இதன் முன்னோடி. அக்காலத்தில் நிரல் எழுதத் தெரிந்தவரால் மட்டுமே இத்தகைய மென்பொருளை உருவாக்க முடிந்தது.

இவ்வரலாற்றில், தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதிக்கும் இடமுண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோகோ நிறுவனம், 2011இல் இப்பகுதியில் சிறு அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அது மத்தளம்பாறையில் வளர்ந்தது. அப்போது இது திருநெல்வேலி மாவட்டம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. 'சோகோ டெஸ்க்' என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இங்கு உருவானது. படித்த இளைஞர் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்வதே வழக்கமாயிருந்த பகுதியில் இது முக்கியமான மாற்றமாகும்.

இம்மென்பொருளில் உள்ள குறைநிரல் கருவியில், கேள்வி, தெரிவு, விடை ஆகியவற்றைக் கட்டங்களாக வைத்து இணைத்தால் உரையாடல் அமைந்துவிடும். நிரல் அறியாத கடைக்காரரும் இதைச் செய்யலாம். ஆனால் அமைப்பதோடு வேலை முடிவதில்லை. விலை மாறினால் விடையையும் மாற்ற வேண்டும். விடை கிடைக்காத கேள்விகளைப் பார்த்துப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். சிக்கலான குறைகளை ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும். கவனிக்கப்படாத சாட்பாட் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே.