சூலூர் எரிந்த புதன்கிழமை



பெரும் போர்களின் வரலாற்றை நாம் ஆண்டுக் கணக்கில் படிக்கிறோம். ஆனால் அந்தப் போர்களில் வாழ்ந்தவர்களும் மடிந்தவர்களும் நாள் கணக்கிலேதான் காலத்தை அறிந்தார்கள். ஆகவே, இன்று ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி, புதன்கிழமை, நிறைமதி நாள். அன்று உலகின் போர்முனைகளில் நடந்தவற்றையும், நம் கொங்கு நாட்டிலே சூலூரில் நடந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதை முடிவில் சொல்லுகிறேன்.

முதலில் கிழக்கே செல்வோம். நியூகினித் தீவின் கீழ்க்கோடியில் மில்னே விரிகுடா என்று ஓர் இடம் உண்டு. முந்தின இரவு ஜப்பானியப் படை அங்கே கரையிறங்கியிருந்தது. ஆஸ்திரேலியரும் அமெரிக்கரும் அங்கு அமைத்துவந்த விமானத் தளங்களே அதன் குறி. புதன்கிழமை விடிந்ததும் ஆஸ்திரேலிய விமானங்கள் அத்தளத்திலிருந்தே எழுந்து, ஜப்பானியரின் படகுகளையும் கரையில் குவித்திருந்த பொருள்களையும் தாக்கின. அதே தீவின் மலைகளுக்குள், கொக்கொடா ஒற்றையடிப் பாதையில், இசுராவா என்னும் சிற்றூரிலும் அன்றுதான் கடும்போர் தொடங்கிற்று. இன்னும் கிழக்கே குவாடல்கனால் தீவு. ஜப்பானியர் அங்கே கட்டிக்கொண்டிருந்த விமானத் தளத்தை, ஆகஸ்டு 7-இல் கரையிறங்கிய அமெரிக்கர் கைப்பற்றிவிட்டனர். அந்த ஓடுபாதைக்காக நடந்த போர் 1943 பிப்ரவரி வரை ஓயவில்லை.

மேற்கே பார்த்தால், வோல்கா நதிக்கரையில் ஸ்டாலின்கிராடு நகரம் எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாள்களுக்கு முன்பு, 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டுமாரி பொழிந்திருந்தன. எகிப்துப் பாலையில் ஜெர்மானியத் தளபதி ரோம்மல் இந்த நிலவொளியிலேயே தாக்க எண்ணியிருந்தார். பெட்ரோல் போதாமையால் அவருடைய தாக்குதல் 30-ஆம் தேதி இரவுக்குத் தள்ளிப்போயிற்று. அவரை எதிர்த்து ருவைசாத் மேட்டில் காத்து நின்ற படைகளுள் ஐந்தாவது இந்திய டிவிஷனும் ஒன்று. நம் நாட்டு விவசாயிகளின் பிள்ளைகள் அன்று அந்த மணலில் காவல் இருந்தார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி ஊருக்குத் திரும்புவோம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நகரமே பாதி காலியாயிற்று. கடற்கரையை விட்டு உள்ளடங்கிய கோயமுத்தூர்ச் சீமைக்கு அப்போது போர்க்கண் கொண்டோர் மத்தியில் ஒரு மதிப்பு ஏற்பட்டது. சூலூரில் ராணுவ விமானத் தளம் உருவாகத் தொடங்கியது. மக்கள் அதை ஏரோடிராம் என்றார்கள். புன்செய் நிலத்தில் கொட்டகைகள் எழுந்தன. லாரிகள் வரிசை வரிசையாக வந்து நின்றன.

ஆகஸ்டு 8-இல் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிற்று. மறுநாள் விடியற்காலையில் தலைவர்கள் சிறைப்பட்டனர். வழிகாட்டுவோர் இல்லாத மக்கள் தாமே வழி தேடினர். கோவை ஆலைத் தொழிலாளரிடையே கொந்தளிப்பு மூண்டது. 13-ஆம் தேதி போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே ஒரு சரக்கு ரயில் கவிழ்க்கப்பட்டது. 26-ஆம் தேதி இரவு, சுற்றுக் கிராமத்தார் திரண்டு சென்று சூலூர்த் தளத்துக்குத் தீ வைத்தனர். கொட்டகைகளும் லாரிகளும் பற்றி எரிந்தன.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. காவற்படை ஊர்களுக்குள் புகுந்தது. கண்ணம்பாளையம் போன்ற கிராமங்கள் அடக்குமுறையின் முழுக் கொடுமையையும் கண்டன. பலர் சிறை சென்றனர். தொழிலாளர் தலைவர் என். ஜி. ராமசாமியும் சிறைப்பட்டு, உடல் நலிந்து, 1943-இல் இளமையிலேயே மறைந்தார்.

இப்போது அந்தக் கேள்வி. மில்னே விரிகுடாவில் ஒரு விமானத் தளத்தைக் காக்க மனிதர்கள் உயிர் கொடுத்த அதே நாளில், சூலூரில் ஒரு விமானத் தளத்தை எரித்தது சரிதானா? பகைவனுக்குத் துணைபோன செயல் என்று அன்றைய சர்க்கார் கருதியது. நான் அப்படிக் கருதவில்லை. ஜப்பானியர் வென்றிருந்தால் நமக்கு நன்மை விளைந்திருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் 1939 செப்டம்பர் 3-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு, இந்தியத் தலைவர்களை ஒரு வார்த்தை கேளாமல், இந்தியா போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். நம்மைக் கேளாமல் தொடங்கிய போருக்கு நம் மண்ணில் எழுந்த தளம் அது. ருவைசாத் மேட்டில் நின்ற இந்தியச் சிப்பாயும் சூலூரில் தீப்பந்தம் ஏந்திய இந்தியனும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றதாகத் தோன்றலாம். இருவருக்கும் பொதுவாக இருந்த குறை ஒன்றே: தன் நாட்டின் போரையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் உரிமை இருவருக்குமே இல்லை.

எரிந்த தளம் மீண்டும் எழுந்தது. 1945-இல் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு அங்கே நிலைகொண்டு, அதற்கு 'வைரி' என்று பெயரிட்டது. அது ஒருவகைப் பருந்தின் பெயர். பகைவன் என்றும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதைச் சுற்றுக் கிராமத்தார் அறியாதிருப்பரோ?

இன்று அது இந்திய விமானப்படையின் தளம். இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய தேஜஸ் விமானங்கள் 2018 முதல் அங்கே தங்கிப் பறக்கின்றன. திருச்சி சாலையில் சூலூரைக் கடக்கும்போதெல்லாம் அந்த இரைச்சலைக் கேட்டு நான் அண்ணாந்து பார்ப்பதுண்டு. அன்று தீ வைத்தவர்களின் பேரப் பிள்ளைகளும் வயலில் நின்று அப்படியே பார்க்கிறார்கள். அந்தத் தளத்துக்கு இப்போது ஓர் ஆபத்து வந்தால், காக்க முதலில் ஓடிவருபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.