கல்நாரும் செக்ரோலும்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் வரலாற்றை ரப்பர், அதன்பின் செம்பனை என்று சொல்லிப் பழகிவிட்டோம். நான் அதைக் கூரையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். முதலில் அத்தாப்பு. பிறகு தகரம். அப்புறம் சாம்பல் நிற நெளித்தகடு. "தகரம் மாதிரி கொதிக்காது, மழை பேஞ்சாலும் அவ்வளவு சத்தம் இருக்காது" என்று பழைய தோட்டத்து ஆட்கள் இன்றும் அதைப் புகழ்வார்கள். பழைய நெளித்தகடுகள் பெரும்பாலும் சிமெண்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து செய்தவை. தமிழில் அதற்குப் பெயர் கல்நார்.

அதன் தீங்கு புதிய செய்தி அல்ல. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்தன. வேலை செய்த டர்னர் பிரதர்ஸ் நிறுவனம் நஷ்டஈடு தர மறுத்தது. பிரிட்டனில் 1931இல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. மலேசியாவில் கல்நார்த் தொழிலுக்கான தனி விதிகள் 1986இல்தான் வந்தன. இடையில் 55 ஆண்டுகள்! அந்த 1986 விதிகளும் பேசியது தொழிற்சாலையைத்தான். லயத்துக் கூரையை அல்ல.

உடையாத தகடு பெரிய ஆபத்தில்லை. அறுத்தால், துளையிட்டால், பாசியைச் சுரண்டினால், லயத்தை இடிக்கும்போது நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். நோய் தெரிய 20, 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் மூச்சிரைப்பு வந்தவரை, "சுருட்டுக் குடிச்ச நெஞ்சுப்பா" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள்.

இந்தத் தாமதத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் புரிந்துகொண்டது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது.

நம் தோட்டத்தில் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் சம்பளம் போட்டதும் செக்ரோலை வைத்துத்தான். அதில் கூலி இருக்கும், தூசி இருக்காது. தோட்டம் கைமாறும்போது அந்த ஏடும் தொலையும். ஆட்கள் குளுவாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிவிடுவார்கள்.

அதனால்தான் தோட்ட வரலாறு எழுதுகிறவர்களிடம் நான் கேட்கிறேன்: கோயில், பள்ளி, வேலைநிறுத்தம் பற்றி விசாரிக்கும்போது, கூரை மாற்றியது யார், பழைய லயத்தை உடைத்தது யார் என்றும் விசாரியுங்கள். தேதியோடு எழுதுங்கள். நாளை ஒரு மருத்துவர், "முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்கும்போது, காட்ட அந்த ஒரு தாளாவது இருக்கட்டும்.