மூலத்தைப் பார்த்துக் கற்ற தலைமுறை

இணையப்பக்க வடிவமைப்பை எங்கிருந்து கற்கத் தொடங்குவது என்று இளைஞர் பலர் வினவுகின்றனர். வரலாற்றிலேயே இதற்கு விடையுண்டு.

1991 இல், ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிம் பேர்னர்ஸ் லீ வெளியிட்ட எச்.ரி.எம்.எல். விவரணத்தில் 18 குறிச்சொற்களே இருந்தன. கற்பிக்க ஆசிரியர் இல்லாத அக்காலத்தில் இணையப்பக்கமே பாடநூலாயிற்று. 1993 இல் வந்த மொசைக் முதலான உலாவிகள், எந்தப் பக்கத்தின் மூலத்தையும் திறந்து காட்டின. பிறர் எழுதியதைப் பிரதிசெய்து, மாற்றிப் பார்த்தே முதல் தலைமுறை கற்றது.

பாடங்கள் பின்னரே ஒழுங்குபெற்றன. 1998 இல் நோர்வேயில் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தோன்றியது. 2003 இல் கனடாவின் டேவ் ஷே அமைத்த சி.எஸ்.எஸ். சென் கார்டன், பாணித்தாளை மட்டும் மாற்றி ஒரே பக்கத்துக்கு எத்தனையோ தோற்றங்கள் தரலாமெனக் காட்டியது. 2005 இல் மொஸில்லாவின் ஆவணத் தளம் வந்தது. மூன்றும் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால், இன்று பல தளங்களின் மூலம் மனிதர் வாசிக்க இயலாதவாறு சுருக்கப்பட்டுள்ளது. அச்சுக்கோப்பவரின் அருகில் நின்று தொழில் பழகிய எமக்கு இந்த இழப்புப் புரியும். ஆகவே, தொடங்குவோர் எளிய பக்கமொன்றின் மூலத்தைத் திறந்து, ஒரு வரியை மாற்றிப் பார்க்கட்டும். பாடங்கள் அதன்பின் துணைவரும்.