ஆறு புள்ளிகளும் ஒரு வளைகோடும்

நியூசிலாந்தில் பிறந்த மின்பொறியாளர் பில் பிலிப்ஸ், 1942இல் சிங்கப்பூர் வீழும் தறுவாயில் கப்பலேறித் தப்பி, ஜாவாவில் ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். போருக்குப் பின் இலண்டன் பொருளியல் கல்லூரியில் பயின்று, அங்கேயே பேராசிரியருமானார்.

பிரிட்டனில் வேலையின்மைக்கும் ஊதிய உயர்வுக்குமுள்ள தொடர்பை அவர் 1958இல் ஆராய்ந்து வெளியிட்டார். அத்தொடர்பு நேர்கோடன்று. வேலையின்மை குறைந்தால் ஊதியம் விரைந்து ஏறும். மிகுந்தாலோ மெல்லவே இறங்கும், ஊதியக் குறைப்புக்குத் தொழிலாளர் எளிதில் இசையார் அல்லவா! 1861 முதல் 1913 வரையிலான 53 ஆண்டுகளின் விவரங்களை அவர் ஆறு சராசரிப் புள்ளிகளாகச் சுருக்கினார். மடக்கை எடுத்து, நான்கு புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்க முறையைக் கையாண்டார். ஒரு மாறிலி மட்டும் அம்முறைக்குள் அடங்கவில்லை. எஞ்சிய இரு புள்ளிகளை வளைகோடு நெருங்கும்வரை, அதனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே முடிவு செய்தார். நம் மாணவர் இவ்வாறு செய்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்போம்!

1960இல் சாமுவேல்சனும் சோலோவும் அமெரிக்காவுக்கும் இத்தகைய வளைகோட்டை வரைந்து, அரசு தெரிவு செய்யத்தக்க பட்டியல்போல் காட்டினர். மக்களின் எதிர்பார்ப்பு மாறினால் கோடே இடம்பெயரும் என்று 1967இல் ஃபிரீட்மன் எச்சரித்தார். 1970களில் விலைவாசியும் வேலையின்மையும் ஒருசேர உயர்ந்தன.

தம் முடிவுகள் தற்காலிகமானவை என்றும், மேலும் விரிவான ஆய்வு தேவை என்றும் பிலிப்ஸ் அக்கட்டுரையின் இறுதியிலேயே எழுதியிருந்தார்.