இரத்தச் சுற்றோட்டம்: கொள்கை வரலாறு

இரத்தச் சுற்றோட்டம் என்பது, இருதயத்தினின்று தமனிகள் வழியாக வெளிப்படும் இரத்தம் உடலெங்கும் பரவி, சிரைகள் வழியாக மீண்டும் இருதயத்தையே வந்தடைகின்ற இடையறாத சுழற்சியாகும். இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்துள்ள இவ்வுண்மை 1628 இல் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவரால் நிலைநாட்டப்படும் வரை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகள், இரத்தம் சுழல்வதில்லை, நாள்தோறும் ஈரலில் புதிதாகப் பிறந்து உறுப்புக்களில் செலவாகிவிடுகிறது என்றே ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் கற்றோர் நம்பிவந்தனர்.

இக்கொள்கையை வகுத்தவர் கி.பி. 129 அளவில் சின்ன ஆசியாவிலுள்ள பெர்கமம் நகரில் பிறந்து, உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் மருத்துவராக விளங்கிய கேலன் ஆவார். உண்ட உணவின் சாரம் ஈரலை அடைந்து இரத்தமாகிறது. அது சிரைகள் வழியே சென்று, வயலில் பாய்ந்த நீர் மண்ணில் சுவறுவதுபோல உறுப்புக்களால் உறிஞ்சப்படுகிறது. அதில் ஒரு சிறு பகுதி மட்டும் இருதயத்தின் வலப்பாகத்தினின்று நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகளின் வழியாக இடப்பாகத்திற் கசிந்து, அங்கே மூச்சுக்காற்றோடு கலந்து உயிர்ச்சத்தைப் பெறுகிறது என்பது அவர் கொண்ட முடிபு. உரோமில் மனித உடலை அறுத்துப் பார்க்க இடமில்லாமையால் குரங்கு, பன்றி, எருது முதலியவற்றை அறுத்தே அவர் உடலமைப்பை ஆராய்ந்தார். ஆயினும் அவரை வெறுங்கற்பனையாளரென எண்ணுதல் பெரும் பிழை. தமனிகளில் ஓடுவது காற்றே என்று முன்னோர் கொண்டிருந்த கருத்தைச் சோதனையால் மறுத்து, அவற்றிலும் இரத்தமே நிறைந்துள்ளதென மெய்ப்பித்தவர் அவரே.

இத்தகைய ஆராய்ச்சியாளரின் நூல்கள் பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கே தடையாயின. நேரிற் காணும் காட்சி, ஊகித்தறியும் கருதல், சான்றோர் கூற்றாகிய உரை எனப் பிரமாணங்களை மூன்றாக வகுக்கும் நம் தருக்க நூலாரின் சொற்களால் கூறுவதாயின், இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் உரைப் பிரமாணமே தலைமை பெற்றிருந்தது. காட்சி அதற்குச் சான்று பகரும் ஏவலாள் நிலையில் நின்றது. மனித உடலை அறுத்துக் காட்டும் வழக்கம் அக்காலத்தில் அறவே இல்லாமற் போகவில்லை. இத்தாலியிலுள்ள பொலோனாவில் மொந்தினோ என்னும் ஆசிரியர் 1316 அளவில் இதற்கென ஒரு நூலே இயற்றினார். ஆயின் அதன்பின் பரவிய முறையில், பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து நூலைப் படிக்க, கீழே சத்திர வைத்தியர் ஒருவர் கத்தியால் அறுக்க, மற்றொருவர் கோலால் உறுப்பைச் சுட்டிக்காட்டினார். படித்தவர் தொடவில்லை, தொட்டவர் படிக்கவில்லை. நூலுக்கும் உடலுக்கும் மாறுபாடு காணப்பட்டபோது, பிழை உடலின்மேலேயே சுமத்தப்பட்டது.

நூலின் அதிகாரத்தைக் கருதல் ஒன்றினாலேயே அசைத்த பெருமை 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்து 1288 இல் மறைந்த இப்னு அல் நபீஸ் என்னும் அரபு மருத்துவருக்கு உரியது. இப்னு சீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு உரை வகுக்கையில், இருதயத்தின் நடுச்சுவர் தடித்தது, அதில் துளையேதும் இல்லை, ஆதலால் வலப்பாகத்து இரத்தம் நுரையீரலுட் சென்று காற்றோடு கலந்தே இடப்பாகத்தை அடைதல் வேண்டும் என்று அவர் ஐயமின்றி எழுதினார். உரைகாரராக நின்றுகொண்டே மூலத்தை மறுத்த இத்துணிவு வியக்கத்தக்கது. ஆனால் அவ்வுரை நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1924 இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லினில் இருந்த கைப்பிரதி ஒன்றை ஆராய்ந்தபோதே மீண்டும் உலகறியலாயிற்று.

ஐரோப்பாவில் காட்சியை அரியணையேற்றியவர் 1514 இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த ஆந்திரேயாஸ் வெசேலியஸ். தம் 23ஆம் வயதிலேயே பதுவாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான இவர், உயர்ந்த ஆசனத்தினின்று இறங்கித் தாமே கத்தியைக் கையில் எடுத்தார். இச்சிறு செயலில் ஒரு யுகத்தின் மாறுதல் அடங்கியிருந்தது. மனிதனின் கீழ்த்தாடை கேலன் கூறியவாறு இரண்டு எலும்புகளன்று, ஒன்றே எனவும், மூளையின் அடியில் உள்ளதாக அவர் வருணித்த இரத்தக் குழாய்வலை மனிதரிடம் இல்லை எனவும் கண்டு, 1543 இல் பாசல் நகரில் அச்சிட்ட தம் பெருநூலில் வெளியிட்டார். பாரிசில் அவருக்கு ஆசிரியராயிருந்த சில்வியஸ், கேலன் பிழைபட எழுதவில்லை, அவர் காலத்துக்குப்பின் மனித உடலே சீர்கெட்டு மாறிவிட்டது என்று வாதித்தார்.

இருந்தும் வெசேலியஸின் மனம் ஒரே நாளில் விடுதலை பெற்றுவிடவில்லை. இருதயச் சுவரில் துளையைக் காணாத அவர், முதற்பதிப்பில் அதை மறுக்காமல், புலனாகாத வழியே இரத்தத்தைக் கசியச் செய்யும் படைப்போனின் ஆற்றலை வியந்தே எழுதினார். 1555 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலேதான், அச்சுவரினூடே இரத்தம் செல்லுமாறு தமக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறலானார். அவ்வொரு வாக்கியத்தை எழுத அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இப்னு அல் நபீஸ் கூறிய, நுரையீரல் வழிச் செல்லும் ஓட்டத்தை ஐரோப்பாவில் ஸ்பானியரான செர்வீட்டஸ் 1553 இல் ஒரு சமய நூலின் இடையே எழுதினார். சமயக் கருத்துக்களுக்காக அவ்வாண்டே ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1559 இல் வெளிவந்த, உடற்கூற்று ஆசிரியர் ரியால்டோ கொலம்போவின் நூலும் அவ்வோட்டத்தை விளக்கிற்று.

பதுவாவில் ஹார்வியின் ஆசிரியரான பப்ரீஷியஸ் சிரைகளிலுள்ள தடுக்கிதழ்களைப் பற்றி 1603 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்விதழ்கள் இருதயத்தை நோக்கியே திறப்பன என்பது அவர் கண்ணுக்குப் புலப்பட்டும், கைகால்களில் இரத்தம் தேங்கிவிடாமல் காப்பதே அவற்றின் தொழில் என்று அவர் கொண்டார். ஈரலினின்று இரத்தம் வெளிநோக்கிப் பாய்கிறதென்னும் பழங்கொள்கை அவர் பார்வைக்கு முன்னே திரையாக நின்றது. கண்திறந்து பார்த்தல் ஒன்றே போதாது, பார்ப்பதற்கு வேறு வினாவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

அவ்வினாவை எழுப்பியவர் ஹார்வி. இருதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அவர் கேட்டார். அரை அவுன்சு என்று கொள்வோம். அரைமணி நேரத்தில் 1,000 துடிப்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும் 500 அவுன்சு ஆகிறது. இது உடல் முழுவதிலுமுள்ள இரத்தத்தினும் மிகுதி. உண்ணும் உணவினின்று இவ்வளவும் அரைமணியில் உண்டாதல் இயலாது. ஆகவே வெளிச்சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும். கையை இறுகக் கட்டினால் கட்டுக்குக் கீழே நாடி அடங்குவதையும், சற்றுத் தளர்த்தினால் கட்டுக்குக் கீழேயுள்ள சிரைகள் புடைத்தெழுவதையும், புடைத்த சிரையை விரலால் நீவியபோது இரத்தம் தடுக்கிதழைத் தாண்டிக் கீழிறங்க மறுப்பதையும் அவர் காட்டினார். பிராங்க்பர்ட்டில் அச்சான அவரது நூல் 72 பக்கங்களே கொண்டது.

அந்நூல் வெளிவந்தபின் ஹார்வியிடம் வரும் நோயாளர் தொகை குறைந்ததென்றும், பொதுமக்கள் அவரைச் சித்தம் பேதலித்தவராகக் கருதினரென்றும் அவரை நன்கறிந்த ஜான் ஆப்ரி குறித்துள்ளார். பாரிஸ் பேராசிரியர் ரியோலானின் மறுப்புக்கு ஹார்வி 1649 இல் விடை எழுதினார். தமனியினின்று சிரைக்கு இரத்தம் செல்லும் வழியை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. அவர் மறைந்து நான்காண்டுகளுக்குப்பின், 1661 இல், மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, இடையேயுள்ள தந்துகிகளைக் கண்டார்.

கொள்கை மாறியும் சிகிச்சை மாறவில்லை. கேலன் மதத்தின்படி மிகையான இரத்தத்தை வெளியேற்றும் பொருட்டுச் சிரையைக் கீறும் வழக்கத்தை ஹார்வியும் கைவிட்டாரல்லர். 1835 இல் பாரிஸ் மருத்துவர் லூயி, நுரையீரல் அழற்சி முதலிய நோய்களில் அதனாற் பெறும் பயன் மிகச் சிறிதே என்பதை நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு வெளியிட்ட பின்னரே அவ்வழக்கம் படிப்படியாகத் தளரத் தொடங்கிற்று.