காணாமற்போன விமானங்களும் அவற்றை இனங்காணும் கலையும்

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்துள்ள ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலின் குளக்கரையில் நின்று வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடலோரத்து விமான நிலையம் அங்கிருந்து அதிக தூரமில்லை. இறங்க வரும் விமானம் இன்னதென்று முதலில் சொல்பவனே எங்கள் கூட்டத்தில் வீரன். ஆவ்ரோ விமானத்துக்கு இறக்கை உடலின் கீழ்ப்புறத்தில் அமைந்திருக்கும். ஆன்டனோவ்-32 என்னும் படை விமானத்துக்கோ இறக்கை மேற்புறத்தில் இருக்கும். அதன் இரு இயந்திரங்களும் அவ்விறக்கைக்கும் மேலே தூக்கி வைத்தாற்போல் நிற்கும். அன்று அது வெறும் விளையாட்டு. பிற்காலத்தில் மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்து விபத்துச் செய்திகளைத் தமிழாக்க நேர்ந்தபோதுதான், அவ்விளையாட்டினுள் எத்தகைய கடமை அடங்கியிருந்தது என்பது நமக்கு விளங்கிற்று.

அந்த நிலையத்தின் வரலாறு 1932-இல் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம்புரிந்தவரும் தாமே விமானம் ஓட்டக் கற்றவருமான கோதவர்ம ராஜாவின் ஊக்கத்தால் அது அமைந்தது. 1935-இல் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானமொன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்துகொண்டு அங்கிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது.

விமானத்தின் உருவம் அதை அமைத்தவரின் மனம்போல் அமைவதன்று. அது செய்யவேண்டிய வேலையால் அமைவது. இதற்குச் சிறந்த சான்று லடாக்கிலுள்ள லே விமானத்தளம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. அவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குன்றியிருப்பதால் இயந்திரத்தின் ஆற்றலும் குறையும். இறக்கை தாங்கும் திறனும் குறையும். 1948 மே 24 அன்று மேஹர் சிங் என்னும் தளபதி இரட்டை இயந்திர டக்கோட்டாவை அங்கே இறக்கிக் காட்டினார். பின்னர் வந்த பாக்கெட் விமானத்தை அதன் இரட்டை வால்தண்டுகளைக் கொண்டு எளிதில் அறியலாம். மலையுயரத்தில் அதன் வலிமை போதாமையால், நம் விமானப்படையினர் அதன் முதுகின்மேல் ஒரு ஜெட் இயந்திரத்தையும் ஏற்றினர். 1961 முதல் நான்கு இயந்திரங்களையுடைய ஆன்டனோவ்-12 பணியில் சேர்ந்தது. கண்ணாடி பதித்த மூக்கும், வாலின் நுனியில் பீரங்கி மேடையும் அதன் அடையாளங்கள்.

1968 பிப்ரவரி 7 அன்று அவ்வகை விமானமொன்று 102 பேருடன் சண்டிகரிலிருந்து லே நோக்கிப் புறப்பட்டது. வானிலை கெட்டதால் வழியில் திரும்பிற்று. ஆனால் சண்டிகரை அடையவில்லை. ரோதாங் கணவாய்க்கு அப்பால், லாஹௌல் பனிமலைகளுக்கிடையே அது மறைந்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2003-இல், மலையேறச் சென்ற குழுவொன்றே அதன் சிதைவுகளைக் கண்டது. 2019-இல் இயந்திரப் பகுதியும் சுழல்விசிறியும் மீட்கப்பட்டன. 2024 செப்டம்பர் இறுதியில் மேலும் நால்வரின் உடல்கள் பனியினின்றும் எடுக்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த இளம் படைவீரர். உடலோடு கிடைத்த ஆவணங்களே அவர் இன்னாரென்று உரைத்தன. 56 ஆண்டுகளுக்குப் பின் விமானப்படையின் விமானம் அவரைத் திருவனந்தபுரத்தில் கொணர்ந்து சேர்த்தது.

பனி காத்துவைத்ததைப் போலவே கடலும் ஒன்றைக் காத்துவைத்திருந்தது. 2016 ஜூலை 22 அன்று சென்னையை அடுத்த தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற ஆன்டனோவ்-32 வங்கக் கடலின்மீது மறைந்தது. நெடுநாள் தேடியும் பயனில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவியொன்றைக் கடலடிக்கு அனுப்பியது. சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அது எடுத்த படங்களில் சிதைவுகள் தென்பட்டன. அவை ஆன்டனோவ்-32 விமானத்தின் உறுப்புகளோடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவும் இல்லை. ஆகவே அது அவ்விமானமாகவே இருத்தல் வேண்டும் என்று 2024 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது.

இவ்விரண்டிலும் முறை ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் உருவம், அடுத்து ஏடு. உடைந்த உலோகம் எவ்வகை விமானத்தைச் சேர்ந்தது என்பதை உருவம் சொல்லும்; அவ்வகையில் எது, என்று, யாரைச் சுமந்து சென்றது என்பதை ஏடு சொல்லும். ஒன்றின்றி மற்றொன்று ஊமையே. ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். சிதைவு கிடைத்த அளவில் விபத்தின் காரணமும் கிடைத்துவிட்டதென்று கருதலாகாது. வானிலையா, இயந்திரக் கோளாறா, மனிதத் தவறா என்று தேராமல், பேச இயலாத விமானியின்மீது பழி சுமத்துவது நீதியன்று. இனங்காணுதல் வேறு, தீர்ப்புக் கூறுதல் வேறு.

இனங்காணுதலின் பயனை இறந்தவர் அறியார், இருப்பவரே அறிவர். காணாமற்போனவர் என்று எழுதப்பட்ட ஒருவருக்காக ஒரு வீடு அரை நூற்றாண்டு வாசற்கதவை நோக்கியிருக்கக் கூடும். ஈமக்கடன் செய்வதா, காத்திருப்பதா என்று அவ்வீட்டார் தடுமாறுவர். அத்தடுமாற்றத்தை முடித்துவைப்பது ஓர் இயந்திரத் துண்டும் ஒரு பழந்தாளுமே.

திருவனந்தபுரம் நிலையத்தைத் தோற்றுவித்த கோதவர்ம ராஜாவும் 1971 ஏப்ரல் 30 அன்று இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்திலேயே மாண்டார். ரோதாங் கணவாய்க்கு இப்பால் அவர் முடிவு. அப்பால் அப்படைவீரரின் நெடுந்துயில். ஒருவர் கண்ட நிலத்தில் மற்றவர் வந்திறங்கினார். ஊரைவிட்டு வெளியூர்களில் வாழும் நமக்கு, வீடு திரும்புதல் என்னும் சொல்லின் கனத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.