ஏசாயா நடுங்கிய பாட்டு

திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியின் பெயரில் இருக்கும் ஹீபர் யார் என்று கேட்டால், "யாரோ வெள்ளைக்கார பிஷப்" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அவர் எழுதிய பாட்டு, பாமாலைப் புத்தகம் பிடிக்கத் தெரிந்த சபைப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். தமிழில் அது 'தூய தூய தூயா'. ஆர்கன் முழங்க, சபை எழுந்து நிற்க, வெற்றி ஊர்வலம்போல் பாடப்படுகிற பாட்டு. அது புறப்பட்ட இடத்தில் வெற்றியும் இல்லை, ஊர்வலமும் இல்லை. ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவன் ஏசாயா. இடம் எருசலேம். காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு, உசியா ராஜா செத்துப்போன வருஷம். வருஷத்தை ஏசாயா சும்மா குறிப்பிடவில்லை. உசியா நெடுங்காலம் நன்றாக ஆண்டவன். பெருமை தலைக்கேறியதும் தூபக்கலசத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் போய்விட்டான். தூபம் காட்டுவது ஆசாரியன் வேலை, ராஜாவின் வேலை இல்லை. 80 ஆசாரியர்கள் வழி மறித்தார்கள். அவன் கோபத்தில் கத்தும்போதே நெற்றியில் குஷ்டம் கண்டது என்கிறது நாளாகமம். சாகும்வரை தனி வீட்டில், ஆலயத்தின் பக்கமே வரமுடியாதவனாகக் கிடந்தான்.

அவன் செத்த வருஷத்தில்தான் ஏசாயா ஆலயத்தில் ஒரு தரிசனம் காண்கிறார். உயரமான சிங்காசனம், அதில் வீற்றிருப்பவருடைய வஸ்திரத் தொங்கலே ஆலயத்தை நிறைக்கிறது. மேலே சேராபீன்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு செட்டை. இரண்டால் முகத்தை மூடுகின்றன, இரண்டால் காலை மூடுகின்றன, மிச்சமிருக்கும் இரண்டால்தான் பறக்கின்றன. கூடவே இருக்கும் தூதர்களுக்கே நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அவை ஒன்றையொன்று பார்த்து மூன்று முறை 'பரிசுத்தர்' என்று கூப்பிடுகின்றன. வாசல் நிலைகள் அசைகின்றன. ஆலயமெங்கும் புகை.

ஏசாயா கூடச் சேர்ந்து பாடவில்லை. ஐயோ, அழிந்தேன் என்கிறார். தனக்கும் தன் ஜனத்துக்கும் அசுத்த உதடுகள் என்கிறார். பாவம் செய்த கை, கால் எவ்வளவோ இருக்க, ஏன் உதடு? லேவியராகமத்தின்படி குஷ்டரோகி மேலுதட்டை மூடிக்கொண்டு, தான் தீட்டு, தீட்டு என்று சத்தமிட்டபடி போகவேண்டும். செத்த ராஜாவின் நோயைத் தன் வாயில் கண்டதுபோலத்தான் ஏசாயா பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. பிறகு ஒரு சேராபீன் பலிபீடத்து நெருப்புத் தழலைக் குறட்டால் எடுத்துவந்து அந்த உதட்டைத் தொடுகிறது. அதற்கப்புறம்தான் அவர் வாயிலிருந்து உருப்படியான பேச்சு வருகிறது.

இந்த மும்முறைக் கூவல் அங்கிருந்து கிளம்பிப் போன தூரம் அதிகம். யூதர்கள் அதைத் தங்கள் ஜெப ஒழுங்கில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஜெபாலயத்தில் அந்த இடம் வரும்போது கால்களைச் சேர்த்து நின்று, ஒவ்வொரு முறைக்கும் குதிகாலைத் தூக்கி எழும்புவது அவர்கள் வழக்கம். சேராபீன்களோடு தாங்களும் கொஞ்சம் மேலே போகிற பாவனை. கிறிஸ்தவர்கள் திருவிருந்து ஜெபத்தின் நடுவில் வைத்தார்கள். கத்தோலிக்கத் திருப்பலியிலும் அதே இடம்தான்.

இதற்கிடையில் அது ஒருமுறை உருமாறியது. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் வெளிப்படுத்தின விசேஷத்தில், பத்மு தீவிலிருந்த யோவான் அதே சத்தத்தைக் கேட்கிறார். ஆறு செட்டை அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளும் புறம்பும் கண்கள் நிறைந்த நான்கு ஜீவன்கள் இரவும் பகலும் ஓயாமல் பாடுகின்றன. சிங்காசனத்துக்கு முன் பளிங்குக்கு ஒப்பான கண்ணாடிக்கடல். 24 மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றி அங்கே வைக்கிறார்கள். ஏசாயாவுக்கு நடுக்கம் தந்த பாட்டு இங்கே ஆராதனையாகிவிட்டது. உசியா கழற்ற மறுத்ததை இவர்கள் கேட்காமலே கழற்றுகிறார்கள்.

மூன்று முறை என்பது திரித்துவத்தைக் குறிக்கிறதா? எபிரெய மொழியில் அழுத்திச் சொல்ல அடுக்கிச் சொல்வார்கள். ஏசாயா கேட்டதும் முதலில் அதுதான். சபை பின்னாளில் அதில் பிதா, குமாரன், ஆவியைப் படித்தது. வலிந்து படித்தார்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஏசாயா கண்டது இயேசுவின் மகிமை என்று யோவான் சுவிசேஷம் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்று பேசியது பரிசுத்த ஆவி என்று அப்போஸ்தலர் 28இல் பவுல் சொல்கிறார். புதிய ஏற்பாடே அந்த ஒரு தரிசனத்தை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டது.

ரெஜினால்ட் ஹீபர் கைக்கு இது வந்தது இப்படிக் கட்டிய நிலையில்தான். 1783இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் மாணவனாக இருந்தபோதே 'பாலஸ்தீனம்' என்ற கவிதைக்குப் பரிசு வாங்கியவர். 1807 முதல் இங்கிலாந்தின் ஹாட்நெட் கிராமத்தில் ஆயர். அங்கே திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும், அன்றைய வேதபாடத்தோடு பொருந்துகிற பாட்டு வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் திரித்துவ ஞாயிறுக்குக் குறித்த நிருப வாசகம் வெளிப்படுத்தல் 4ஆம் அதிகாரம். பாட்டின் இரண்டாம் சரணத்தில் கிரீடமும் கண்ணாடிக்கடலும் வருவது அதனால்தான். ஆங்கில மூலத்தில் அடிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே 'ஈ' ஓசையில் முடியும். நம் யாப்பில் இயைபுத்தொடை என்போம்.

அன்றைய இங்கிலாந்துச் சபையில் சங்கீதங்களைத் தவிர வேறு பாட்டுக்குத் தெளிவான அனுமதி இல்லை. 1820இல் லண்டன் பிஷப்பிடம் தன் தொகுப்புக்கு ஹீபர் ஒப்புதல் கேட்டார். கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது.

ஹீபர் எழுதியதெல்லாம் இந்தத் தரம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1819இல் மிஷன் காணிக்கைக்காக எழுதிய இன்னொரு பாட்டில் இலங்கையின் அழகைப் புகழ்ந்துவிட்டு, மனிதனை மட்டும் இழிந்தவன் என்று எழுதினார். அதைக் காந்தி கண்டித்திருக்கிறார். பரிசுத்தத்தின் முன் எல்லா உதடும் அசுத்தம் என்று ஏசாயாவிடம் படித்த ஆள், அங்கே அசுத்தத்தைக் கடல் தாண்டி இருப்பவன் தலையில் ஏற்றிவிட்டார்.

1823இல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். இந்தியா முழுவதும் இலங்கையும் அவர் பொறுப்பில். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தஞ்சாவூர்த் தமிழர் கிறிஸ்தியான் தாவீதுக்கு 1824இல் குருப்பட்டம் கொடுத்தார். 1826 மார்ச் 26, ஈஸ்டர் அன்று தஞ்சாவூரில் இருந்தார். தமிழ் ஆராதனையில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த சரபோஜி மன்னரைச் சந்தித்து அசந்துபோனார். அங்கிருந்து திருச்சி. ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு வெயிலில் திரும்பினார். தங்கியிருந்த வீட்டுக் குளியல் தொட்டியில், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவர் உயிரோடு ஏறவில்லை. வயது 42. செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில், பீடத்துக்கு வடக்கே அடக்கம் செய்தார்கள்.

அதே 1826இல் இங்கிலாந்தின் பான்பரி ஊர்ச் சபையின் பாட்டுத் தொகுப்பில் இந்தப் பாட்டு அச்சேறியது. மறு வருஷம் மனைவி அமீலியா அவருடைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். நாம் பாடும் மெட்டு இன்னும் பிறக்கவில்லை. 1861இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' தொகுப்புக்காக ஜான் பேக்கஸ் டைக்ஸ் போட்ட மெட்டு அது. தொடக்கத்தைச் சுரத்தில் சொன்னால், முதல் 'தூய' ஷட்ஜத்தில் இரண்டு முறை, அடுத்தது காந்தாரத்தில், மூன்றாவது பஞ்சமத்தில். மூன்று சுரத்தையும் ஒருசேர அழுத்தினால் ஒரே கார்ட். மெட்டுக்கு டைக்ஸ் வைத்த பெயர் நிசேயா, கி.பி. 325இல் குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அறிக்கையிட்ட சங்கம் கூடிய ஊர். இது தற்செயல் என்று என்னால் நம்பமுடியவில்லை.

ஊர்வல நடை அந்த மெட்டு கொடுத்ததுதான். ஏறிக்கொண்டே போகிற இசையில் புகையும் நடுக்கமும் காதில் விழுவதில்லை. ஆனால் ஹீபர் அவற்றை விட்டுவிடவில்லை. மூன்றாம் சரணம் தொடங்குவதே அதில்தான்: காரிருள் அவரை மறைக்கிறது, பாவியின் கண்ணால் அந்த மகிமையைப் பார்க்கமுடியாது. மோசே சீனாய் மலையில் நெருங்கிய இருளும், முகத்தை மூடிய செட்டைகளும் ஒன்றாக வருகிற இடம். நேரமாகிவிட்டதென்று சில சபைகளில் "ஒன்று, இரண்டு, நான்கு பாடுவோம்" என்று அறிவிக்கிறார்களே, அப்போது வெட்டுப்படுவது அந்தச் சரணம்தான். முதல் சரணமும் நான்காம் சரணமும் ஏறக்குறைய ஒன்றே. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அவற்றில் ஒன்றை வெட்டலாம்.